ஒன்வே டிக்கெட்டுக்கு யார் காசு கொடுக்கணும்?

திருவண்ணாமலையில் செங்கம் ரோடு வழியாக ரமணாசிரமம் பக்கம் ஒரு நடை போனால், பஸ் டிக்கெட், ஏர் டிக்கெட், மணி எக்ஸ்சேஞ்ச் எல்லாவற்றையும் ஒரே போர்டில் எழுதி வைத்திருக்கும் கடைகள் கண்ணில் படும். சீசனில் அங்கே வரும் வெளிநாட்டுக்காரர்களில் பலருக்கு எப்போது ஊர் திரும்புவோம் என்பதே தெரியாது. அதே மாதிரி கடைகளுக்கு இன்னொரு கூட்டமும் வருகிறது. துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிற பையன்கள், ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகிற பிள்ளைகள். பக்கத்தில் அப்பா நிற்பார். கேள்வி மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

"ஒன்வே எவ்ளோங்க? இன்னும் சீப்பா எதுவும் இல்லையா?"

இந்தக் கேள்வியில் தப்பில்லை. ஆனால் இதை முதல் கேள்வியாகக் கேட்பதுதான் தப்பு. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு இருக்கின்றன. இந்த டிக்கெட்டுக்கு யார் காசு கொடுக்கணும்? வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேருகிற இடம் வரை மொத்தம் எவ்வளவு ஆகும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் "சீப்" என்ற வார்த்தைக்கே அர்த்தம் வரும்.

அந்த ஏரியாவே உருவாகக் காரணமானவரும் ஒரு ஒன்வே பயணிதான் என்பது ஒரு சுவாரஸ்யமான விஷயம். 1896 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன், அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்காகக் கையில் கிடைத்த ஐந்து ரூபாயில் இரண்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, மூன்று ரூபாயோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பினான். ஒரு பழைய அட்லஸைப் பார்த்து, திருவண்ணாமலைக்குக் கிட்டத்தில் இருக்கும் ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று முடிவு செய்து, 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் வாங்கினான். விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்பது அந்த அட்லஸில் இல்லை. ரயிலில் கூட வந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கியபோது கையில் மிச்சம் இரண்டரை அணா. அது மாம்பழப்பட்டு வரைக்கும்தான் போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் நடை. கீழூரில் காதுக் கடுக்கனை நாலு ரூபாய்க்கு அடகு வைத்துத்தான் மீதி டிக்கெட். செப்டம்பர் 1-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தவர், 1950-இல் மறையும் வரை, ஐம்பத்து நாலு வருஷம், திரும்பிப் போகவே இல்லை. ஊர் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

ஆன்மிகத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காக மட்டும் பார்த்தாலும் இதில் பாடம் இருக்கிறது. டிக்கெட் விலை வேறு, பயணச் செலவு வேறு. பழைய தகவலை வைத்து ரூட் போட்டால், வித்தியாசத்தை நகையை அடகு வைத்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். நூற்று முப்பது வருஷம் ஆகப்போகிறது, இன்றைக்கும் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. கடுக்கனுக்குப் பதில் அம்மாவின் வளையல், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு வழிக்கு ஏன் இவ்வளவு விலை?

போக வர 60,000 ரூபாய் என்றால், போக மட்டும் 30,000 தானே வர வேண்டும்? பஸ்ஸில் அப்படித்தான். விமானத்தில் எப்போதும் அப்படி இல்லை. பல பெரிய கம்பெனிகளின் நீண்ட தூர ரூட்களில் ஒரு வழி டிக்கெட், ரிட்டர்ன் விலையின் பாதியை விட நிறையவே அதிகமாக இருக்கும். சில நாள் ரிட்டர்ன் விலையையே தாண்டும்.

காரணம் காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புதிதில்லை. எகனாமிக்ஸ் பேப்பரில் வரும் 'விலைப் பாகுபாடு' தான். ஒரே சீட்டை, அதிகம் கொடுக்கக் கூடியவரிடம் அதிகத்துக்கும், யோசித்து வாங்குபவரிடம் குறைவாகவும் விற்பது. 1977-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'சூப்பர் சேவர்' என்ற மலிவு கட்டணத்தைக் கொண்டுவந்தபோது, முன்கூட்டியே வாங்கணும், போன இடத்தில் சில நாள் தங்கித் திரும்பணும் என்று நிபந்தனை போட்டது. சுற்றுலாப் பயணிக்கு அது பிரச்சினை இல்லை. அவசர வேலையாகப் போகும் கம்பெனி அதிகாரிக்கு ஒத்து வராது, அவர் முழு விலை கொடுப்பார். சனிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கினால்தான் மலிவு விலை என்ற புகழ்பெற்ற நிபந்தனையும் இதே வகைதான். இந்தக் கணக்கில் ஒன்வே கேட்பவர், 'என்ன ஆனாலும் வாங்கித்தான் தீருவார்' என்ற லிஸ்ட்டில் போய் விழுந்துவிடுகிறார். ஊரை விட்டே போகிற மாணவனும் தொழிலாளியும், கோட்டு சூட்டு போட்ட அதிகாரியோடு ஒரே லிஸ்ட்டில். :)

இதை உடைத்தது மலிவு விலை விமான கம்பெனிகள். 2003-இல் ஆரம்பித்த ஏர் அரேபியா, 2005-இல் ஆரம்பித்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், அப்புறம் ஏர் ஏசியா, ஸ்கூட், இண்டிகோ எல்லாமே போவதைத் தனியாகவும் வருவதைத் தனியாகவும் விலை போட்டு விற்கின்றன. அதனால் வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா போகிறவருக்கு ஒன்வே என்பதால் மட்டும் பெரிய தண்டனை கிடையாது. ஐரோப்பா, அமெரிக்கா, கனடா போகிறவருக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். எனவே அவர்கள் ஒன்வே விலையையும் ரிட்டர்ன் விலையையும் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ரிட்டர்ன் வாங்கிப் பாதியைத் தூக்கிப் போடலாமா?

ரிட்டர்ன் விலை குறைவாக இருந்தால் அதையே வாங்கி, போகும் பாதியை மட்டும் உபயோகிக்கலாம் என்பது பழைய யுக்தி. விமான கம்பெனிகளின் விதிமுறைகள் இதை விரும்புவதில்லை. ஆனாலும் முதல் பாதியை ஒழுங்காகப் பறந்து முடித்தவரின் பயணம் அதனால் கெடாது. நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: டிக்கெட்டில் இருக்கும் பயணங்களை வரிசைப்படிதான் உபயோகிக்க முடியும். முதலில் வரும் ஒரு பகுதியைத் தவறவிட்டால், பின்னால் இருக்கும் எல்லாமே கேன்சல் ஆகிவிடும். அதனால் ரிட்டர்ன் டிக்கெட்டின் வருகிற பாதியை மட்டும் உபயோகிக்கலாம் என்ற ஐடியா வேலைக்கு ஆகாது.

இதற்கு ஒரு தம்பி இருக்கிறது. சென்னையிலிருந்து 'அ' ஊருக்குப் போக விலை அதிகம், ஆனால் 'அ' வழியாக 'ஆ' ஊருக்குப் போக விலை குறைவு என்றால், 'ஆ'வுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு 'அ'விலேயே இறங்கிவிடுவது. இதைத் தேடிக் கொடுப்பதற்கென்றே 2013-இல் ஸ்கிப்லாக்டு என்ற தளத்தை ஆரம்பித்தவர் அக்தரர் ஜமான் என்ற இளைஞர். 2014-இல் யுனைடெட் ஏர்லைன்ஸும் ஆர்பிட்ஸும் அவர் மேல் வழக்குப் போட்டன. யுனைடெட்டின் வழக்கு அடுத்த வருஷம் தள்ளுபடி ஆனது. ஆனால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2023-இல் போட்ட வழக்கில், 2024 அக்டோபரில் டெக்சாஸ் ஜூரி 94 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஜெர்மனியில் லுஃப்தான்சா, கடைசிப் பகுதியில் ஏறாத ஒரு பயணியிடம் 2,000 யூரோவுக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டது. 2018 டிசம்பரில் பெர்லின் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது.

நியாயம் யார் பக்கம் என்று மணிக்கணக்கில் விவாதிக்கலாம். ஆனால் குடிபெயர்ந்து போகிறவருக்கு அந்த விவாதமே தேவையில்லை. அவரிடம் இரண்டு பெரிய பெட்டி இருக்கும். அவர் 'அ'வில் இறங்கினாலும் பெட்டி 'ஆ'வுக்குப் போய்விடும்! கைப்பையோடு ஊர் சுற்றுகிறவனின் யுக்தி அது. ஊறுகாயும் பிரஷர் குக்கரும் கட்டிக்கொண்டு போகிறவருக்கு ஆகாது.

வாசலிலிருந்து வாசல் வரை

திருவண்ணாமலைக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதை உபயோகிப்பதே இல்லை. ஏர்போர்ட் என்றால் சென்னை என்றே பழகிவிட்டது. ஆனால் ஊரிலிருந்து சென்னை, திருச்சி, பெங்களூரு மூன்றுமே சுமார் 200 கிலோமீட்டர் கணக்கில்தான் வரும். பெங்களூரு ஏர்போர்ட் தேவனஹள்ளியில் இருப்பதால் கொஞ்சம் கூட ஆகும். ஆசிரமம் இருக்கும் செங்கம் ரோடே பெங்களூருக்குப் போகிற வழிதான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய், ஷார்ஜா எல்லாம் நேரடி விமானங்கள். 2024-இல் புது டெர்மினலும் திறந்தாகிவிட்டது. மூன்று ஏர்போர்ட்டிலும், விரும்பும் தேதிக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாளிலும் விலை தேடினால், எந்த ரகசிய யுக்தியும் தராத லாபம் அதில் கிடைக்கும்.

சீசனையும் கவனிக்க வேண்டும். வளைகுடாவில் ஸ்கூல் லீவு விடும் ஜூன், ஜூலையில் எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அங்கிருந்து வரும் டிக்கெட்தான் ஏறும். ஆகஸ்ட் கடைசியில் திரும்பிப் போவார்கள், அப்போது இங்கிருந்து போகும் டிக்கெட் ஏறும். வேலைக்குச் சேரும் தேதியை ஒரு மாதம் முன்னே பின்னே மாற்ற முடிந்தால் கூட்டத்துக்கு எதிர்த் திசையில் போகலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் வகுப்பு ஆரம்பிக்கிற மாணவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவருக்குச் சீக்கிரம் வாங்குவது ஒன்றுதான் வழி.

அடுத்தது பெட்டி. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மலிவு விமானத்தில் டிக்கெட் 24,000 ரூபாய், 15 கிலோ பெட்டி. கூட 15 கிலோவுக்கு 9,000. சாப்பாடு 700. நேரங்கெட்ட நேரத்தில் போய் இறங்குவதால் ரூம் வாடகை 1,500. கூட்டினால் 35,200. 30 கிலோவும் சாப்பாடும் சேர்த்து இன்னொரு கம்பெனி 31,000 கேட்டால் அதுதானே சீப்? தேடும்போது முதலில் வந்து நிற்பது என்னவோ அந்த 24,000 தான். சுற்றுலா போகிறவர் பெட்டியைக் குறைத்துக்கொள்ளலாம். வீடு மாறுகிறவரால் முடியாது. இதில் கூடுதல் எடைக்கு முன்கூட்டியே ஆன்லைனில் கட்டாமல் ஏர்போர்ட் கவுண்டரில் கட்டினால் இன்னும் அதிகம்.

மாணவர்களுக்கு ஏர் இந்தியா, எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் போன்ற கம்பெனிகள் தனிச் சலுகை வைத்திருக்கின்றன. விலை குறைவதை விட, கூடுதல் எடையும் தேதி மாற்றும் வசதியும்தான் அதில் முக்கியம். ஏனென்றால் விசா எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். விசா வருமுன் மலிவு என்று திருப்பித் தராத டிக்கெட்டை வாங்கி வைப்பது சூதாட்டம். அப்படி வாங்கிக் கேன்சல் செய்ய நேர்ந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும் என்பது இந்தியாவில் டி.ஜி.சி.ஏ. விதி. பல பேர் இதைக் கேட்பதே இல்லை. அமெரிக்கா போகும் விமானங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. பயணத்துக்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ இருக்கும்போது விமான கம்பெனியிடமே நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் கேன்சல் செய்யலாம். அல்லது காசு கட்டாமலே அந்த விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றைக் கம்பெனி கொடுத்தே ஆக வேண்டும் என்பது அந்த நாட்டு விதி.

இரண்டு மலிவு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி ஒட்ட வைப்பவர்களும் உண்டு. முதல் விமானம் லேட்டானால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது. நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தால், அதற்கு விசா வேண்டும். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கே விசா கேட்பார்கள். சுற்றுலா விசாவில் ஒன்வே டிக்கெட்டோடு போனால், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கவுண்டரிலேயே நிறுத்துவார்கள். படிப்பு, வேலை, குடியேற்ற விசாவில் பொதுவாக இந்தப் பிரச்சினை வராது. யாராவது ஏஜென்ட் "சுற்றுலா விசாவில் போ, அங்கே போய் வேலை விசாவாக மாற்றிக்கலாம், ரிட்டர்னுக்கு டம்மி டிக்கெட் போட்டுத் தர்றேன்" என்றால், அங்கே பிரச்சினை டிக்கெட் விலை இல்லை. அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுவது நல்லது.

கடைசியில் முதல் கேள்வி

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். யார் காசு கொடுக்கணும்?

படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் சொந்தக் காசில்தான் போகிறார்கள். ஆனால் காமன்வெல்த் ஸ்காலர்ஷிப், ஃபுல்பிரைட்-நேரு, பட்டியலின மாணவர்கள் முதலானோருக்கான மத்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை போன்றவற்றில் விமானக் கட்டணமும் சேர்த்தி. கிடைத்தவர்கள் விதிகளைப் படிக்காமல் அவசரப்பட்டுச் சொந்தமாக டிக்கெட் வாங்கிவிடக் கூடாது.

வேலைக்குப் போகிறவர் விஷயம் வேறு. ஆளை வேண்டுமென்று கூப்பிடுவது கம்பெனி. அந்த ஆள் வந்து சேருகிற செலவும் கம்பெனியின் செலவுதான். இது புரட்சிக் கருத்து எதுவும் இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2016-இல் வெளியிட்ட நியாயமான ஆள்சேர்ப்புக் கொள்கைகள், ஆள்சேர்ப்புக் கட்டணத்தையும் அது சார்ந்த செலவையும் தொழிலாளி மேல் சுமத்தக் கூடாது என்கின்றன. அந்தச் செலவில் பயணச் செலவும் அடக்கம் என்று 2019-இல் விளக்கமும் வந்தது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம், ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதைத் தடை செய்கிறது. இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? டிக்கெட், விசா, 'சர்வீஸ்' என்று எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லி வாங்குவார்கள். பிரித்துக் காட்ட மாட்டார்கள். ரசீதும் இருக்காது. அந்தத் தொகையில் டிக்கெட் என்று 40,000 ரூபாய் போனதாக வைத்துக்கொள்வோம். மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,200, வருஷத்துக்கு வட்டி மட்டும் 14,400. ஆன்லைனில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து தேடி 2,000 ரூபாய் மிச்சம் பிடித்தவன், இரண்டே மாதத்தில் அதை வட்டியாகக் கொடுத்து முடித்துவிடுகிறான்.

பயணச் செலவு கடனாக மாறினால் என்ன ஆகும் என்பது தமிழர்களுக்குப் பழைய கதை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்கள் வழிச்செலவுக்குக் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடுதான் போய் இறங்கினார்கள். 'துண்டு' என்ற ஒரு சீட்டு இருந்தது. கடனைப் புதிய தோட்டம் கட்டினால்தான் பழைய தோட்டத்தை விட்டு ஆள் நகர முடியும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். இன்றைக்கு அந்தச் சீட்டு இல்லை. ஆனால் கடன் இருக்கும்போது, சொன்ன சம்பளம் வராவிட்டாலும், சொன்ன வேலை தராவிட்டாலும், "போடா" என்று சொல்லிவிட்டு வர முடியாது. ஒன்வே டிக்கெட் உண்மையிலேயே ஒன்வே ஆவது அப்போதுதான்.

அதனால்தான் திரும்பி வரும் செலவையும் போகும் முன்பே கேட்டு வைக்க வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் டிக்கெட் யார் பொறுப்பு, வேலை முடிந்தால் திரும்ப யார் அனுப்புவது என்று எழுதியிருக்கிறதா? பத்தாவது முடிக்காதவர்கள் போன்ற, குடிபெயர்வு அனுமதி வேண்டியவர்களுக்கு 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டோடு, உடல்நிலை காரணமாக முதல் வருஷத்திலேயே வேலை போனால் ஊர் திரும்ப ஒரு வழி எகனாமி டிக்கெட் செலவும் அதில் உண்டு. ஒரு பிரியாணிச் செலவில் கிடைக்கும் ரிட்டர்ன் டிக்கெட் அது. எத்தனை பேருக்குத் தெரியும்?

டிக்கெட் கடைக்காரர் எல்லாரும் மோசம் என்று அர்த்தமில்லை. இரண்டு டிக்கெட்டை எப்படிச் சேர்ப்பது, எந்த ஏர்போர்ட்டில் பெட்டியை எடுக்கணும் என்பதெல்லாம் நல்ல ஏஜென்டுக்குக் கைவந்த கலை. நூறு இருநூறு கமிஷன் கொடுப்பதில் நஷ்டமில்லை. காசு கொடுத்ததும் பி.என்.ஆர். நம்பரை வாங்கி, அந்த விமான கம்பெனியின் சொந்தத் தளத்தில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். டிக்கெட் நம்பர் வந்திருக்கிறதா, பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா, பெட்டி எத்தனை கிலோ என்று மூன்றையும் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். நம்மூர் இனிஷியல் குழப்பத்தில் பெயர் மாறிப்போய் மறுபடி காசு கட்டுவது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

வேலைக்குக் கிளம்புகிற ஃபிரெண்டு யாராவது "ஒன்வே எவ்ளோடா வரும்?" என்று கேட்டால், உடனே மொபைலை எடுத்து விலை தேட வேண்டாம். "டிக்கெட் கம்பெனி தருதா? எழுத்துல இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். தருது என்றால் தேடவே வேண்டியதில்லை. அதை விட மலிவான டிக்கெட் எந்த வெப்சைட்டிலும் கிடையாது.